இரவல் டிவியும் அப்பாவின் மாவுக்கட்டும்

என் வயதுக்காரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்றுப்போனதும் பாயையும் சட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வயது என்றால் எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. என் முழங்காலுக்குத்தான் எழுபது ஆகிவிட்டது. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் "பாட்டி, உக்காருங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். நானும் வெட்கத்தோடு உட்கார்ந்துவிடுகிறேன். மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஏன் நின்றாய் என்று கேட்பவர்களிடம் "படிப்பு ஏறல" என்றே சொல்லிவந்திருக்கிறேன். அது உண்மையில்லை. படிப்பு ஏறத்தான் செய்தது. என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் மற்றப் பிள்ளைகளிடம் நோட்டைத் தூக்கிக் காட்டுவார்.

இந்த மலாய் நாட்டில், செர்காம் என்ற ஊருக்கு உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை விற்றார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்த பிறகு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்தார்கள். நாங்கள் டவுன் பக்கம் புக்கிட் பெருவாங்கில் ஒரு நோன்யாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டுக்கு வந்தோம். அந்தச் சீனத்து அம்மா முன் வீட்டில் இருந்தார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து ஓரம் மளிகைக் கடை வைத்திருந்தவராம். அதனால் அவருக்குத் தமிழ் வரும். உடைந்த தமிழ்தான், ஆனால் திட்டுவதற்குத் தாராளமாகப் போதும்.

மாதம் பிறந்தால் வீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதே அப்பாவுக்குப் புதிதாக இருந்தது. தோட்டத்தில் வேலை இருந்தால் வீடும் இருக்கும். "மூச்சு விடுற காத்துக்குக் காசு கேக்குற மாதிரி இருக்கு" என்பார். ஆனாலும் கொடுத்துவிடுவார். கட்டட வேலைக்குப் போனார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் தட்டு கழுவினார்.

ஒரு நாள் சாரம் சரிந்து அப்பா விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போன காண்ட்ராக்டர் திரும்பி வரவே இல்லை. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு அப்பாவை அனுப்பினார்கள். வெயில் ஏற ஏற அதற்குள் அரிக்கும். தென்னை ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிவார். ஈரச் சுண்ணாம்பும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அந்த வீடு முழுவதும் இருந்தது. அப்போது நாலு வயதாக இருந்த என் தங்கை அந்த மாவுக்கட்டில் பேனாவால் ஒரு கோழி வரைந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வருடக் கடைசி விடுமுறையும் வந்தது. பள்ளிக்கூடம் மூடினால் கேண்டீனும் மூடிவிடும். அம்மாவுக்கும் வேலை இல்லை. அப்பா விழுந்த மாதத்திலிருந்தே வாடகை கட்டவில்லை. இரண்டு மாதம் பொறுத்த நோன்யா மூன்றாம் மாதம் வந்து எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார். உள்ளே வர மாட்டார். விசிறிக்கொண்டே சொன்னார்:

"ஒரு மாசம்தான் பாக்கும். என் மவன் சொல்றது, வீடு உடைச்சு கராஜ் கட்டலாம். நான்தான் நிறுத்தி வச்சது. அடுத்த மாசம் நான் நிறுத்த முடியாது."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நான் போகவிருந்த புதுப் பள்ளியின் சீருடை உள்ளே ஆணியில் தொங்கியது. வாத்தியார் தன் மகளுடைய பழைய நீலப் பினஃபோரை எனக்குக் கொடுத்திருந்தார். பள்ளி திறந்ததும் நான் இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டியவள்.

உதவி கேட்டு அலைந்தோம். அம்மா, நான், ஒரு கம்பி ஒடிந்த கறுப்புக் குடை. குடையின் ஒடிந்த பக்கம் எப்போதும் என் பக்கம்தான் வரும். மழை நாட்கள் அவை. பஸ்ஸுக்கு ஒரு வழிக்குத்தான் இருக்கும், திரும்பி வருவது நடைதான். அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது ஈரமான ரப்பர் செருப்பு பாதத்தில் வழுக்குகிற சத்தம்தான்.

கோயில் தலைவர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார்கள். "அரிசின்னா இப்பவே தர்றேம்மா. வாடகைன்னா கமிட்டில பேசணும். ஒருத்தருக்குக் குடுத்தோம்னா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க, பாத்தியா?" என்றார். அரிசியை வாங்கி வந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா, "சோத்த வடிச்சு நோன்யாவுக்கு ஊட்டவா முடியும்?" என்றார். சிரிப்பு வந்தது இருவருக்கும். நின்று சிரித்துவிட்டுப் போனோம்.

பிறகு பழைய தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கிராணியார், அதுதான் ஆபீஸ் கணக்கர், காகிதங்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். "தோட்டமே இல்லயேம்மா. அடுத்த மாசம் நானே வீட்டக் காலி பண்ணணும்" என்றார். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "டவுன்ல வெல்பேர் ஆபீஸ் இருக்குல்ல? அங்க போங்க. பாரம் வாங்கி எழுதிக் குடுங்க. வீட்டப் பாக்க ஆளு வருவாங்க. பாத்துட்டுக் குடுப்பாங்க" என்றார்.

வீட்டைப் பார்க்க வருவார்கள் என்ற அந்த ஒரு வார்த்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் அம்மாவின் நடை மாறிவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை. உங்களுக்குப் புரியும். தோட்டத்தில் மானேஜர் துரை லயம் பார்க்க வருவார் அல்லவா? மருந்து கொடுக்கிற டிரசரும் கிராணியும் பின்னால் வருவார்கள். அதற்கு முதல் நாள் சாக்கடைக்குச் சுண்ணாம்பு தெளித்து, வாசல் கூட்டி, சட்டி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அடுக்கி வைப்போம். சுத்தமாக இருந்த வீட்டுக்குத்தான் ஓட்டைத் தகரத்தை முதலில் மாற்றிக் கொடுப்பார்கள். அலங்கோலமாக இருந்த வீட்டுக்குத் திட்டுதான் கிடைக்கும். ஒரு வருடம் எங்கள் வீட்டுக்குப் பரிசே கிடைத்தது. நீல நிறத்தில், ரோஜாப்பூ போட்ட ஒரு பிளாஸ்க். அம்மா தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு அது.

வெல்பேர் ஆபீசில், அதுதான் அரசாங்க நல உதவி அலுவலகத்தில், விண்ணப்பப் பாரத்தை நான்தான் எழுதினேன். அம்மாவுக்குத் தமிழே எழுத வராது. மலாயில் கேட்டிருந்ததை நான் படித்துச் சொல்ல, அம்மா பதில் சொல்ல, நான் எழுதினேன். அப்பாவுக்கு வேலை இல்லை, கால் உடைந்தது, வீட்டு வாடகை கட்டவில்லை என்று என் கையால் அழகாக எழுதினேன். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர், அடுத்த வாரம் புதன்கிழமை காலை அதிகாரி வருவார் என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வரிசையிலேயே குடியிருந்த பக்கத்து வீட்டு அக்காவும், துணி தைத்துக் கொடுக்கிற தையல் அத்தையும் வந்தார்கள். இருவரும் நம்மைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். தையல் அத்தை இடுப்பில் கை வைத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்குக் கவர்மெண்ட் ஆளு வருது. அத எங்கன உக்கார வைப்ப? பாயிலயா? இந்த வீட்டப் பாத்தா குடுக்க நெனக்கிறவன்கூட ஓடிப்போயிடுவான்லா."

"அதத்தான்க்கா நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அம்மா.

"எங்க வீட்டு மெத்த நாக்காலி ரெண்டு இருக்கு, எடுத்துக்க. டிவியும் தூக்கிட்டு வரச் சொல்றேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய கணவர் லாரி ஓட்டினார். அந்த வரிசையிலேயே அவர்கள் வீட்டில்தான் கலர் டிவி இருந்தது.

"டிவி எதுக்கு, ஏரியல் இல்லயே?" என்று அம்மா கேட்டார்.

"போட்டுப் பாக்கவா போறாங்க? சும்மா வச்சிருலா. வீடு நெறஞ்சாப்ல இருக்கும்."

அன்று சாயங்காலமே எல்லாம் வந்து சேர்ந்தது. டிவியை இரண்டு பேர் முன் வாசல் வழியாகச் சுமந்து வந்தார்கள். நோன்யா தன் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்ததை நான் பார்த்தேன். தையல் அத்தை பச்சைப் பூப்போட்ட ஜன்னல் திரையும், தன் கழுத்துச் சங்கிலியும் கொடுத்தார். "கவரிங்தான். ஆனா யாரு ஒரசிப் பாக்கப் போறா?" என்றார். தங்கை டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படம் வரும் வரும் என்று அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை மிச்சமிருந்தது அப்பா ஒருவர்தான். அவராகவேதான் கேட்டார்.

"மணி பத்துக்கு ஆம்பள வீட்டுல குந்திக்கிட்டு இருந்தா வர்றவுங்க என்னா நெனப்பாங்க? சோம்பேறின்னு பேரு வெட்டிருவாங்க. நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

"அப்பா, வர்றது துரை இல்லப்பா. வெல்பேர் புவான்" என்றேன். மலாயில் புவான் என்றால் அம்மையார்.

"எல்லாம் ஒண்ணுதான்டா. கேட்டா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

அம்மாவும் தலையாட்டினார். "ஆமா, அதுதான் மரியாத. டிவியக் கேட்டாலும் நம்மளோடதுன்னு சொல்லிடு. எரவல் வாங்கி வச்சிருக்கோம்னு தெரிஞ்சா கேவலமா நெனப்பாங்க."

பக்கத்து வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், வரிசையின் கடைசி வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் வைத்தார்கள். மாவுக்கட்டு நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டிக் கட்டினார்கள். எங்களுக்கு உதவி கிடைப்பதற்கு இருந்த ஒரே சாட்சியை இப்படித்தான் நாங்களே தூக்கிக்கொண்டு போய் ஒளித்தோம்.

வந்த அதிகாரி மலாய்க்காரப் பெண். இருபத்தைந்து வயதிருக்கலாம். கையில் தடித்த கோப்பு. அன்று இன்னும் நிறைய வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது போல. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். அந்த ஆவியும் ஏலக்காய் வாசமும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. பிளாஸ்கின் ரோஜாப்பூ அவருக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார் அம்மா. அந்த அறையில் எங்களுக்கென்று சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

அதிகாரி என்னிடம்தான் பேசினார். டிவியைப் பேனாவால் காட்டி, யாருடையது என்று மலாயில் கேட்டார்.

"எங்களுடையது, சிக்கு" என்றேன். சிக்கு என்றால் ஆசிரியர். மலாயில் நான் அதுவரை பேசியதே பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம்தான். அவர் லேசாகச் சிரித்தார்.

"அப்பா எங்கே?"

"கெர்ஜா" என்றேன். வேலைக்குப் போயிருக்கிறார்.

அவர் கோப்பைப் புரட்டினார். நான் எழுதிய பாரம் என் எதிரிலேயே தலைகீழாகக் கிடந்தது. என் எழுத்து எனக்குத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார், "காக்கி சூடா பாய்க்?" கால் சரியாகிவிட்டதா?

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தப் பெண் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த மாதிரிதான் இருக்கிறது. அம்மா புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். தங்கை என் பாவாடையை இழுத்து, "அக்கா, டிவிய எப்பத் திருப்பிக் கொண்டு போவாங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அம்மா அவள் தொடையைக் கிள்ளினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், "பாய்க்."

அவர் எழுதிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்டதையும் கேட்டதையும்தானே எழுதினார்.

அவர் ஏறிப்போன காடி தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா கை தட்டினார். "தேத்தண்ணிய முழுசாக் குடிச்சுதா? அப்பன்னா கெடச்சிரும்!" பலா மரத்தடியில் இருந்து அப்பாவைத் தூக்கி வந்தார்கள். எறும்பு கடித்துக் கை கால் தடித்திருந்தது. மாவுக்கட்டுக்குள்ளும் இரண்டு புகுந்துவிட்டதாம். அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிரித்து முதல் வரியைப் படித்தேன். வருத்தத்தோடு தெரிவிக்கிறோம் என்று இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

"என்னா போட்டிருக்கு?"

"தெரியலம்மா. பெரிய பெரிய வார்த்தையா இருக்கு."

அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலே அரசாங்கச் சின்னத்தில் இரண்டு புலிகள் நின்றன. "இல்லன்னு சொல்றதுக்கா புலி படம் போட்டு அனுப்புவாங்க?" என்று சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல வெளியே போய்விட்டேன்.

மாதக் கடைசியில் நோன்யா வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அம்மா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "வெல்பேர்ல இருந்து வந்திருக்கு நோன்யா. காசு வந்ததும் மொதல்ல ஒங்களுக்குத்தான்." குங்குமம் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தை நோன்யா மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். மடித்து மடியில் வைத்தார்.

"குடுக்க மாட்டேன் சொல்லியிருக்கு. உன் புருஷன் வேலைக்குப் போறாராம். வீட்டுல டிவி இருக்காம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் ஜன்னல்ல எல்லாம் பாத்தது" என்றார் நோன்யா. "என்கிட்ட வந்தா காசு இல்லை சொல்றது. கவர்மெண்ட் வந்தா டிவி இருக்கு சொல்றது. நீ யாருக்கு ஏழை, யாருக்குப் பணக்காரி? அந்த உடஞ்ச கால ஏன் காட்டல? கால் காட்டினா குடுத்திருக்கும்ல?"

உள்ளேயிருந்து கேட்ட அப்பாவின் ஈர்க்குச்சிச் சத்தம் நின்றுவிட்டது.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்ததை நோன்யாதான் படித்துச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு வந்தால் மறுபடியும் பார்ப்பார்களாம். இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாள் போதும். பஸ்ஸுக்குக் காசு நானே தருகிறேன் என்றார் நோன்யா.

அம்மா போகவில்லை. "போயி என்னான்னு சொல்றது? எம் புள்ள ஒங்ககிட்டப் பொய் சொல்லுச்சு, இப்ப நெசத்தச் சொல்ல வந்திருக்குன்னா? நான் சொல்லச் சொன்னதத்தானே அது சொல்லுச்சு. அந்தப் பொண்ணு முன்னால இத நிக்க வைக்க மாட்டேன்."

எவ்வளவு பெரிய தப்பு அது. இன்று எனக்குத் தெரிகிறது. என்னைத் தலைகுனியவிடக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "போகலாம்மா, நானே சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். அந்தப் பெண்ணின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் நான் வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள் கடந்த பிறகு நோன்யா ஒரு வழி சொன்னார். மகனிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்த வழி அது.

"உன் பெரிய பொண்ணு வரட்டும். என் மவன் பேபி பாக்கட்டும், துணி துவைக்கட்டும். புருஷன் கால் நல்லா வர்ற வரைக்கும் வாடகை கேக்க மாட்டேன்."

"பள்ளிக்கூடம் தொறக்கப் போகுதே நோன்யா."

"அது நீ பாத்துக்கோ."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா ஆணியில் தொங்கிய பினஃபோரை எடுத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். "ஒரு மூணு மாசம்தான்டா" என்றார். அது மூன்று மாதமாக இருக்கவில்லை. அப்பாவின் கால் வளைந்தே ஒட்டியது. அவரால் பிறகு பாரம் தூக்க முடியவில்லை. ஊரெல்லாம் அலைந்து தேடிய வாடகை உதவி கடைசியில் நான்தான்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது அம்மா அந்த நீலப் பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். முன் வீட்டுக்குத்தான் போகிறேன், இருபது அடி தூரம். நோன்யாவின் பின்கட்டில், துவைக்கிற கல்லின் மேல் வைத்தது சரிந்து விழுந்துவிட்டது. வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே இருந்த கண்ணாடிதான் போய்விட்டது. குலுக்கினால் மணல் அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் கேட்கும். அம்மா திட்டவில்லை. பல வருடம் அதை அப்படியே அலமாரியில் வைத்திருந்தார், ரோஜாப்பூ வெளியே தெரியும்படி. வருடங்கள் கழித்து அந்தப் பினஃபோரைத் தங்கை போட்டாள். மடித்துத் தைத்திருந்த ஓரத்தைத் தையல் அத்தை பிரித்துவிட்டார். தங்கை நன்றாகப் படித்தாள். அதில் எனக்குக் குறையில்லை.

நோன்யாவும் போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் இல்லை. பலகை வீடு இருந்த இடத்தில் கராஜ்தான் இருக்கிறது.

போன மாதம் என் வீட்டுக்கும் வெல்பேர் ஆபீஸ் ஆள் வந்தது. என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் நின்றதும் ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையும் நின்றது. அடுக்குமாடி வீட்டு வாடகை நின்றுபோய் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தங்கைதான் பாரம் எழுதி அனுப்பினாள். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அக்கா, தயவு செஞ்சு வீட்டக் கூட்டி வைக்காத."

ஒன்பது மணி வரை சும்மா இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கூட்டினேன். தைலப் புட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். நல்ல கப்பைக் கழுவி வைத்தேன்.

சின்ன வயது மலாய்ப் பெண். டேப்லெட்டில் எழுதுகிறாள். என்னென்னவோ கேட்டுவிட்டுக் கடைசியில் சிரித்த முகத்தோடு கேட்டாள், "காக்கி மாச்சாம் மானா, ஆன்ட்டி?" கால் எப்படி இருக்கிறது?

"பாய்க்" என்றேன்.

சத்தியமாக, யோசித்துச் சொல்லவில்லை. அதுவாகவே வந்துவிட்டது. அவள் விரல் டேப்லெட்டை நோக்கி இறங்கியது.

"இரும்மா" என்றேன். தமிழில்தான். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். நான் சேலையை முழங்கால் வரை தூக்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நான் இப்படிச் செய்ததே இல்லை. வீங்கி, தைலம் பூசிப் பூசிக் கறுத்துப்போயிருந்த அந்த முழங்காலை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன்.

அவள் டேப்லெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

"லாமா சூடா" என்றேன். ரொம்ப நாளாக.